விருச்சிக மாசத்துல தேள் எங்கே போச்சு? மகளுக்கு அவ நட்சத்திரத்தைக் காட்டணும்

மெட்டுமேல் ஸ்டோர்க்காரன் (கேள்வி, கார்த்திகை மாதம்)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கம்பம். வேலை கம்பம் மெட்டுக்கு மேல, கேரளாவுல வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோர்ல. பச்சைக்காயைத் தட்டுல பரப்பி, வெளிய அடுப்புல விறகு தள்ளி, ராத்திரி பூரா காயை உலர்த்தி எடுக்குறது என் பொறுப்பு. பத்தொம்பது வருசமா இதே வேலைதான். ஆவணியில இருந்து தை, மாசி வரைக்கும் காய் வரும். காய் இருக்குற நாள்ல எனக்குத் தூக்கம் பகல்லதான்.

மகளுக்கு 26 வயசு. டி.பார்ம் முடிச்சுட்டு கம்பத்துல ஒரு மருந்துக்கடையில இருக்கா. விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம். ரெண்டு வருசத்துல மூணு இடம் வந்துச்சு, மூணும் கலைஞ்சு போச்சு. மூணுக்கும் ஒரே காரணம். மாப்பிள்ளைக்கு அண்ணன் இருக்காரு, கேட்டைப் பொண்ணு வந்தா மூத்தாருக்கு ஆகாது. கடைசியா வந்தவங்க காபி குடிச்சு, பொண்ணைப் புடிச்சிருக்குன்னு வாய் நிறையச் சொல்லிட்டுத்தான் போனாங்க. நாலாம் நாள் போன் வந்துச்சு. என் வீட்டுக்காரி அடுப்படியில உக்காந்து அழுதா. மக அழல. ராத்திரி நான் ஜீப்புக்குக் கிளம்புறப்ப வாசல்ல வந்து நின்னு கேட்டா:

"ஏம்ப்பா, நீ ராத்திரி பூரா வெளிய முழிச்சுத்தான் இருக்க. என் நட்சத்திரத்தை ஒரு நாளாச்சும் பாத்திருக்கியா? எப்படி இருக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியல. பத்தொம்பது வருசம் அதே வானத்துக்குக் கீழ உக்காந்திருக்கேன். அது எதுன்னு தெரியாமலே இருந்திருக்கேன்.

தோட்டத்துக்குள்ள நின்னா நிழல் மரம் வானத்தை மூடிக்கும். ஸ்டோர் முற்றம் மட்டும்தான் திறந்த இடம். அன்னையில இருந்து மணிக்கு ஒருதரம் விறகு தள்ள வர்றப்பல்லாம் பத்து நிமிசம் அண்ணாந்து பாக்குறேன். எங்க கணக்குப் பாக்குற சேட்டன் அறையில மலையாளக் காலண்டர் தொங்குது. அதுல இப்ப விருச்சிகம் மாசம். விருச்சிகத்துல விருச்சிகம் நல்லாத் தெரியும்னுதானே யாருக்கும் தோணும்? பதினெட்டு ராத்திரி பாத்தாச்சு. மஞ்சு இறங்குன நாலஞ்சு நாள் போக மீதி நாளெல்லாம் வானம் சுத்தமாத்தான் இருந்துச்சு. தேள் மாதிரி ஒண்ணுமே இல்ல. நடுராத்திரி தலைக்கு மேல, கொஞ்சம் வடக்கால, ஆறு பொடி நட்சத்திரம் கொத்தா இருக்கு. பக்கத்துலயே செவப்பா ஒண்ணு. கேட்டை செவப்பா இருக்கும்னு யாரோ சொன்ன ஞாபகத்துல அதுதான்னு நினைச்சு, மகளுக்குப் போன் போட்டு மொட்டை மாடிக்கு ஏறச் சொல்லிக் காட்டியும் விட்டேன். ஆனா அதைச் சுத்தித் தேளும் இல்ல, கொடுக்கும் இல்ல. அதுனால மனசு ஒப்பல. தப்பான நட்சத்திரத்தைக் காட்டிட்டேனோன்னு உறுத்துது.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. விருச்சிக மாசத்துல விருச்சிகம் எங்க போச்சு? எந்த மாசம், எத்தனை மணிக்கு, எந்தத் திக்குல பாக்கணும்?

---

திராட்சைக் கொடி, கம்பம்

அண்ணே, எனக்குப் படிச்ச விவரம் கிடையாது. நம்ம தோட்டத்துல ஆனி, ஆடியில ராத்திரி மோட்டார் போடப் போறப்ப பாத்ததைச் சொல்றேன். தெக்க, சுருளி மலைக்கு மேல, பெரிய கொக்கியாட்டம் ஒண்ணு தொங்கும். தொரட்டி முனை மாதிரி வளைஞ்சு, நடுவுல ஒண்ணு மட்டும் செவப்பா. அதைத்தான் எங்கப்பா தேளுன்னு சொல்வாரு. கார்த்திகையில நானும் பாத்ததில்ல. ஏன்னு தெரியாது. மேல உங்களுக்கு அந்த மாசம் மழை அடிச்சு ஊத்தும், நமக்குக் கீழ வெறும் காத்துதான். அதனால ஆனியில ஒரு நாள் கம்பத்துலயே தங்குங்க, நான் காட்டுறேன்.

---

செங்கோட்டை ஓய்வு ஆசிரியர்

ஐயா, முதலில் உங்கள் உறுத்தலைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் மகளுக்குக் காட்டியது ரோகிணி. அந்த ஆறு பொடி மீன்கள்தான் கார்த்திகை. தவறு செய்துவிட்டதாக வருந்த வேண்டாம். வானத்தில் கேட்டைக்கு நேர் எதிர்ப் புள்ளியையே தொட்டுவிட்டீர்கள். ரோகிணியும் கேட்டையும் ராசிச் சக்கரத்தில் ஏறக்குறைய 180 பாகை தள்ளி இருப்பவை. இரண்டும் சிவந்தவை. ரோகிணி கிழக்கே தலை தூக்கும்போது கேட்டை மேற்கே இறங்கியிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் பார்ப்பது நம் ஊரிலிருந்து அநேகமாக முடியாத காரியம். ரோகிணி இரவு முழுதும் தெரிகிற மாதத்தில் கேட்டை பகல் முழுதும் மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

இதிலேயே உங்கள் கேள்விக்கு விடையும் இருக்கிறது. மலையாள மாதங்களுக்குப் பெயர், சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதைக் கொண்டு வந்தது. சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம் என்று. நம் மாதங்களுக்குப் பெயர், முழுநிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது என்பதைக் கொண்டு வந்தது. முழுநிலா எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் நிற்கும். ஆகவே சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் மாதத்தில் பௌர்ணமி நிலா கார்த்திகைப் பக்கம் வருகிறது. மெட்டுக்கு மேலே இருப்பவர்கள் சூரியன் நிற்கிற முனையைச் சொல்கிறார்கள், கீழே இருக்கும் நாம் நிலா நிற்கிற முனையைச் சொல்கிறோம். மாதம் ஒன்றேதான். கார்த்திகை மாதத்தில் கார்த்திகை நடுவானில் தெரிவதும், விருச்சிக மாதத்தில் விருச்சிகம் காணாமல் போவதும் இதனால்தான். டிசம்பர் 1, 2 தேதிகளில் சூரியன் கேட்டையை ஒட்டிக் கடக்கிறது. உங்கள் முற்றத்தில் காயும் நண்பகல் வெயிலுக்குப் பின்னால் உங்கள் மகளின் நட்சத்திரம் நின்றுகொண்டிருக்கிறது.

இனி எப்போது பார்ப்பது? நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக எழும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். மார்கழியின் கடைசி நாட்களில் விடியலுக்கு முன் கேட்டை வெளியே வரத் தொடங்கிவிடும். பொங்கல் சமயம் காலை 5 மணிக்குத் தென்கிழக்கே பாருங்கள். முதலில் மூன்று நட்சத்திரங்கள், கொஞ்சம் சாய்ந்த கிடையாக, ஒரே வரிசையில் நிற்கும். அது தேளின் தலை, நம் கணக்கில் அனுஷம். அதற்குக் கீழே இரண்டு சிறு நட்சத்திரங்களுக்கு நடுவில் செக்கச் சிவந்து ஒன்று. அந்த மூன்றும் சேர்ந்ததே கேட்டை. வால் அப்போது மலைக்கு அடியில் இருக்கும். தை முடிவதற்குள் அதே 5 மணிக்கு வாலும் முழுதாக மேலே வந்துவிடும். வால் நுனியில் இரண்டு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்பது கொடுக்கு. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் நள்ளிரவுக்குத் தெற்கே உச்சி. ஜூலையில் அதே காட்சி இரவு 9 மணிக்கு. நம் பக்கத்திலிருந்து கேட்டை தென்வானில் 54 பாகை வரை ஏறும். லண்டனில் இருப்பவருக்கு அது 12 பாகையைத் தாண்டாது, வாலின் அடிவளைவு எழவே எழாது. தேளை முழுதாகப் பார்க்க நாம் இருக்கிற இடம் நல்ல இடம்.

சிவப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுப்பு வாயில் காற்று நன்றாகப் பிடிக்கும்போது கங்கு மஞ்சளாகத் தகிக்கும், சூடு இறங்கும்போது சிவக்கும். அதேதான். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின் அளவு, கேட்டை சுமார் 3,600. சூடு குறைவு, உருவம் பிரம்மாண்டம். விட்டத்தில் சூரியனைப் போல ஏறத்தாழ 700 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமி மட்டுமல்ல, செவ்வாயின் பாதையும் அதற்குள் அடங்கிவிடும். தூரம் சுமார் 550 ஒளியாண்டு. பொங்கலன்று உங்கள் கண்ணில் படப்போகும் வெளிச்சம் 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கிளம்பியது.

கிரேக்கர்கள் அதை அன்டாரஸ் என்றார்கள். செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள். செவ்வாய்க் கிரகம் அவ்வப்போது அந்தப் பக்கம் வரும்போது இரண்டு சிவப்பும் அருகருகே நிற்கும். குழம்பினால், எது மினுக்குகிறது என்று பாருங்கள். மினுக்குவது நட்சத்திரம்.

ஒன்று மட்டும் சொல்ல ஆசை. சங்கப் புலவர் கூடலூர் கிழார், சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவைப் பாடியது புறநானூறு 229. பங்குனி மாத நள்ளிரவில் எரிமீன் விழக் கண்டு அரசனுக்காக அஞ்சுகிற பாட்டு. அதில் அனுஷத்தை 'முடப்பனை' என்கிறார். வளைந்த பனை! கம்பத்து நண்பர் தொரட்டி என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. பார்க்கிறவன் தன் ஊரில் வளைந்து நிற்பதைத்தான் மேலேயும் பார்க்கிறான்.

---

பழைய பஞ்சாங்கம், போடி

தம்பி, வானத்துல பாக்குறது உங்க விருப்பம். ஆனா பெரியவங்க ஒண்ணும் தெரியாம சொல்லி வைக்கல. எந்தப் பாதம்னு நல்ல ஜோசியர்கிட்ட கேட்டு, பரிகாரம் இருந்தா செஞ்சுட்டு, அண்ணன் இல்லாத மூத்த பையனா இடம் பாருங்க. கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமைன்னு சும்மாவா சொன்னாங்க?

---

கொழிஞ்சாம்பாறை அக்கா, பாலக்காடு

போடி ஐயாவுக்கு மரியாதையோட சொல்றேன். நானும் கேட்டைதான். கட்டிக்கொடுத்து 31 வருசம் ஆச்சு. எங்க மூத்தாருக்கு இப்ப 74. ஞாயித்துக்கிழமை ஆனா டிவிஎஸ் வண்டியை உருட்டிட்டு எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாரு, நான் வைக்கிற மொளகூட்டல் இல்லாம அவருக்கு இறங்காது. பெண் பாக்க வந்தப்ப எங்க மாமியார்கிட்ட நாலு பேர் ஓதினாங்க. அந்தம்மா கேக்கல. அவ்வளவுதான் நடந்தது.

ஸ்டோர்க்கார அண்ணா, உங்களைச் சுத்தி மலையாளத்துக்காரங்க இருக்காங்களே, அவங்ககிட்ட கேட்டையை என்னன்னு சொல்வீங்கன்னு கேளுங்க. 'த்ருக்கேட்ட'ம்பாங்க. திருவாதிரை, திருவோணம் மாதிரி அதுக்கும் திரு சேர்த்துதான் பேரு. ஓணத்துக்கு அத்தத்துல இருந்து பத்து நாள் பூக்களம் போடுவாங்க இல்லையா, அதுல ஆறாம் நாள் த்ருக்கேட்ட. எங்க பக்கத்து வீட்டுச் சேச்சி அன்னைக்கு வளையம் ஒண்ணு கூட்டுவாங்க, நானும் துளசியும் மந்தாரையும் கிள்ளிக் கொடுப்பேன். இந்த நட்சத்திரத்துல பொறந்தவளான்னு அந்தப் பூக்களத்துக்கு முன்னாடி யாரும் என்னை ஒதுக்கி நிறுத்தினதில்ல. அந்தப் பத்து நாளும் நிலா ஒவ்வொரு நட்சத்திரமா தாண்டிப் போற கணக்குதான். அதனால ஆறாம் நாள் சாயங்காலம் மேகம் விலகினா, தென்மேற்கே பாதி நிலாவைப் பாருங்க. அது பக்கமாத்தான் கேட்டை இருக்கும்.

நம்ம பக்கமும் இருக்கு. ஸ்ரீரங்கத்துல ஆனி மாசம் கேட்டை அன்னைக்குத்தான் பெருமாளுக்கு ஜேஷ்டாபிஷேகம். காவேரியில இருந்து தங்கக் குடத்துல தீர்த்தம் வரும். எங்கம்மா என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க. பெருமாளுக்கு ஆகுற நட்சத்திரம் மனுஷருக்கு ஆகாதுன்னு எந்தக் கணக்குல சொல்றாங்கன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல.

வாத்தியாரய்யாவுக்கு ஒரு கேள்வி. என் பேத்தி மூலம். ஜாதகத்துல தனுசு ராசின்னு போட்டிருக்கு. ஆனா மூலம் தேளோட வாலுன்னு எங்கயோ படிச்சேன். எது சரி?

---

செங்கோட்டை ஓய்வு ஆசிரியர்

அம்மா, இரண்டும் சரி. வானத்தில் மூலம் தேளின் வால்தான், கொடுக்கு நட்சத்திரமும் அதில் சேர்த்தி. ஜோதிடத்தில் ராசி என்பது உருவம் அல்ல, 360 பாகையைப் பன்னிரண்டால் வகுத்த 30 பாகைத் துண்டு. தேள் அந்தத் துண்டுக்குள் அடங்கி நிற்கவில்லை, வால் எல்லையைத் தாண்டிவிட்டது. இன்றைய அயனாம்சக் கணக்கில் (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பஞ்சாங்கம் வைத்திருக்கும் திருத்தம்) கொடுக்கு நட்சத்திரம் தனுசுக்குள் ஒரு பாகைகூட நுழையவில்லை, வாசற்படியில்தான் நிற்கிறது. குமுளியில் ஒரே கடையின் முன்வாசல் ஒரு மாநிலம், கொல்லை இன்னொன்று என்று இருப்பதைப் போல வைத்துக்கொள்ளுங்கள்.

போடி அன்பருக்கும் ஒரு வார்த்தை. கேட்டைக்கு வடமொழியில் ஜேஷ்டா என்று பெயர். மூத்தவள் என்று பொருள். ஆனி மாதத்தை வடக்கே ஜேஷ்ட மாதம் என்பதும், ஸ்ரீரங்கத்து ஜேஷ்டாபிஷேகமும் அந்தப் பெயரை ஒட்டியவையே. மூத்தவள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மூத்தவனுக்கு ஆகாது என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நட்சத்திரத்தில் அந்த முடிச்சு இல்லை. 33 வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன் என்கிற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

---

மெட்டுமேல் ஸ்டோர்க்காரன் (தை கடைசி)

வாத்தியாரய்யா, அக்கா, எல்லாருக்கும். பாத்துட்டோம்.

பொங்கலுக்கு மறுநா மேல வந்தேன். அது கடைசி எடுப்புக் காலம், காய் நிறைய இல்ல. ராத்திரி முதல் பாதியில ஆவி போறதுக்குக் காத்தாடி ஓடணும், பச்சை வாசனையோட நீராவி முகத்துல அடிக்கும். மூணு மணிக்கு மேல அது அடங்கி, காத்தாடியை நிறுத்தி, காய் சூட்டுல இறுகுற நேரம். ஒரு காயை எடுத்துக் காதுகிட்ட வச்சுக் குலுக்குனா உள்ள விதை கலகலன்னு பேசணும். அது பேசுச்சுன்னா வேலை முடிஞ்சுது. அன்னைக்கு நாலே முக்காலுக்குப் பேசிருச்சு. வெளிய வந்தேன். குளிர்ல கை விரல் மடங்கல. தென்கிழக்க, தோட்டத்து மரத்துக்கு மேல, நீங்க எழுதின மாதிரியே மூணு நட்சத்திரம் சாய்ஞ்சு வரிசையா. கீழ செவப்பு.

அடுப்பைத் திரும்பிப் பாத்தேன். விறகு எரிஞ்சு அடங்கி உள்ள கங்கு மட்டும் கிடந்துச்சு. அதே நெறம். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல.

மகளை அன்னைக்குக் கூப்பிடல. கம்பத்துல கிழக்கே மேகமலை மறைக்கும், நல்லா மேல வரட்டும்னு மூணு வாரம் பொறுத்தேன். ஒருதரம் தப்பாக் காட்டினவன், ரெண்டாந்தரம் தப்பக்கூடாதுன்னு நினைச்சேன். தினமும் விடிகாலை போய்ப் பாத்து, நாலு நிமிசம் நாலு நிமிசமா அது ஏறுறதைக் கணக்கு வச்சுக்கிட்டேன். நேத்து வால் முழுசா வந்துச்சு. கொடுக்கு நுனியில ரெண்டும் ஒட்டி நின்னுச்சு.

அஞ்சு மணிக்குப் போன் போட்டேன். எந்திரிச்சு மாடிக்குப் போனா, அம்மாவையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் மெட்டுக்கு மேல, அவங்க ரெண்டு பேரும் கீழ. தெக்குப் பக்கம் திரும்பி, இடது கைப்பக்கமா, மூணை முதல்ல புடின்னேன். புடிச்சுட்டேன்னா. கீழ இறங்கு, செவப்பா ஒண்ணுன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் போயிருச்சோன்னு பாத்தேன், போகல. அப்புறம், "அப்பா, ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா ரெண்டு இருக்கே, அதுவும் கேட்டைதானா?"ன்னா. ஆமா, மூணும் சேர்ந்ததுதான்னேன்.

அவங்கம்மா சொன்னது போன்ல கேட்டுச்சு, "இவ்வளவு அழகா இருக்குறதையா ஆகாதுங்குறாங்க." மக அதுக்கு ஒண்ணும் சொல்லல. வெளுக்குற வரைக்கும் போனை வைக்காம நின்னா. நான் நடுவுல போய் ரெண்டு கட்டை விறகு தள்ளிட்டு வந்தேன்.

போடி ஐயா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா பரிகாரம் செய்யப் போறதில்ல. இனி இடம் வந்தா, கேட்டை நட்சத்திரம்னு நானே முதல்ல சொல்லிருவேன். காபிக்கு முன்னாடியே.

திராட்சைக்காரத் தம்பி, ஆனியில எனக்கு மேல வேலை இருக்காது, கம்பத்துலதான் இருப்பேன். உங்க மோட்டார் ரூம்கிட்ட மூணு பேரும் வர்றோம். அக்கா, ஆனி கேட்டை எந்தத் தேதின்னு தெரிஞ்சா இங்க போடுங்க. ஸ்ரீரங்கம் போறதா வீட்டுல பேசி வச்சிருக்கோம், மக கடையில முன்கூட்டியே லீவு சொல்லணும்.